ஹம்மிங்கை எடுக்கச் சொன்னார்கள்

சவுண்ட் சர்வீஸ் தம்பிகளே, தங்கைகளே, சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். "இளைய தலைமுறைக்குப் பயன்படும்படி" என்று ஒரு வாலையும் சேர்த்திருக்கிறார்கள். கண்டென்சரை எப்படி மாற்றுவது, எர்த்தை எங்கே கொடுப்பது என்றெல்லாம் நான் எழுதினால் நீங்கள் படிக்கப்போவதில்லை. அதை வீடியோவில் ஒரு வெள்ளைக்காரன் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருகிறான். அவன் சொல்லித் தராத ஒன்று என்னிடம் இருக்கிறது. ஆரணியில் ஒரு ஆம்ப்ளிஃபையரிலிருந்து, நம் பாஷையில் ஆம்ப்பிலிருந்து, ஹம்மிங்கை எடுத்துவிட்டு நான் பட்ட பாடு.

ஹம்மிங் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆம்ப்பை ஆன் செய்ததும், யாரும் எதையும் வாசிக்காமலேயே, ஸ்பீக்கரில் 'ங்ஙொய்' என்று ஒன்று வந்து நிற்குமே, அதுதான். கரண்ட்டின் சத்தம். ஆனால் நம் பட்டறையை விட்டு வெளியே வந்து, மெல்லிசைக் குழுக்காரர்களிடம் ஹம்மிங் என்று சொல்லிப் பாருங்கள். பாட்டு தொடங்கும் முன்னால் ஒரு பெண் குரல் வார்த்தையே இல்லாமல் 'ம்ம்ம்' என்று இழுக்கும் அல்லவா, அவர்களுக்கு அதுதான் ஹம்மிங். இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்தவன் யாரென்று தெரிந்தால் நேரில் போய் நாலு கேள்வி கேட்கலாம் என்று இருக்கிறேன்.

பார்த்திபன் எங்கள் ஊரில் மெல்லிசைக் குழு நடத்துகிறவன். கிட்டார் வாசிப்பான். நல்லவன், ஆனால் எதையும் பெருமையாகச் சொல்லாமல் இருக்க அவனால் முடியாது. ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் பெங்களூரில் யாரிடமோ, உள்ளே கண்ணாடிக் குழாய் எரிகிற ஒரு பழைய வால்வ் ஆம்ப்பை வாங்கி வந்திருந்தான். வெளிநாட்டில் ஒரு ஆள் தன் வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கையாலேயே கட்டி விற்றதாம். அப்படிச் சின்ன அளவில் செய்கிற சாமானுக்கு 'பொட்டிக்' என்று பெயராம். "அண்ணா, இது சாதா ஆம்ப் இல்ல, பொட்டிக் ஆம்ப்" என்று மூச்சுக்கு மூச்சு சொல்லுவான்.

ஆரணியில் பொட்டிக் என்றால் கல்யாண ப்ளவுஸ் தைக்கிற கடை. பட்டு விற்கிற ஊர், தெருவுக்கு ஒன்று இருக்கிறது. பார்த்திபனின் தங்கை தேவியே ஒன்று வைத்திருக்கிறாள். அவள் கடைக்கு மேல் மாடியில்தான் குழுவின் ஒத்திகை அறை. ஆம்ப் வந்து இறங்கியபோது அதன் முன்பக்கத்தில் ஸ்பீக்கரை மூடியிருக்கும் துணி எலி கடித்துக் கிழிந்திருந்தது. "பொட்டிக் ஆம்ப், ஜாக்கிரதையா பாத்துக்கோ" என்று தங்கையிடம் சொல்லிவிட்டு பார்த்திபன் கலசப்பாக்கம் பக்கம் ஒரு ப்ரோக்ராமுக்குப் போய்விட்டான். அண்ணன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறானே, நம் கடைக்கு வந்த வேலைதான் என்று தேவி எடுத்துக்கொண்டாள்.

அவன் திரும்பி வந்து பார்த்தால் ஆம்ப்புக்கு அரக்கு நிறப் பட்டில் புதுத் துணி. சுற்றிலும் ஜரிகை பார்டர். நடுவில் ஆரி எம்பிராய்டரியில் எதிரெதிராக இரண்டு மயில். குஞ்சம் வைக்கத்தான் இடம் கிடைக்கவில்லை என்று தேவி வருத்தப்பட்டாளாம். பார்த்திபன் முதலில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பிறகு மேடையில் அதற்குக் கிடைத்த மரியாதையைப் பார்த்து அதையும் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தான். துணி மாறிய நாளிலிருந்தே ஆம்ப்பில் ஹம்மிங் இருந்தது. வால்வ் ஆம்ப் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அவன் விட்டுவிட்டான்.

அந்தக் குழுவில் ஹம்மிங் பாடுகிறவள் கஸ்தூரி. பகலில் பெரிய பட்டுக்கடை ஒன்றில் சேலை விரித்துக் காட்டும் வேலை. முப்பதைத் தாண்டியவள். மற்றவர்கள் பாடுகிற பாட்டுக்கு முன்னால் 'ம்ம்ம்' என்பாள், நடுவில் 'ஆஆ' என்பாள், அவ்வளவுதான் அவள் பங்கு. வருஷக்கணக்காக ஆம்ப்புக்குப் பக்கத்தில் நின்று இதையே செய்துகொண்டிருந்தாள். ஒரு வார்த்தைகூட அவள் வாயிலிருந்து மைக்கில் வந்ததில்லை.

அவளைப் பற்றிக் குழுவில் இரண்டு குறை சொல்வார்கள். அவள் தொண்டை கீபோர்டோடு சரியாக உட்காராது, இரண்டு கட்டைக்கு நடுவே நிற்கும். அதற்காக கீபோர்டு வாசிக்கிற டேனியல் கீபோர்டின் சுருதியையே கொஞ்சம் ஏற்றி வைத்திருந்தான், பார்த்திபனும் கிட்டாரை அதற்கேற்ப முறுக்கிக்கொள்வான். இன்னொன்று, கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடினால் அவள் சுருதி மேலே ஏறிவிடும். "ஜெனரேட்டர் பொகை அவளுக்கு ஆவாது" என்று டேனியல் சொல்லுவான். நானும் அதைக் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன்.

இப்படி இருக்கும்போது பட்டுக்கடை முதலாளியின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. ரிசப்ஷனுக்குப் பார்த்திபன் குழு. முதலாளி இரண்டு விஷயம் சொன்னார். "நம்ம கடைப் பொண்ணு கஸ்தூரி முழுசா ஒரு பாட்டு பாடணும்" என்பது ஒன்று. "போன தபா மச்சான் வீட்டு விசேஷத்துல ங்ஙொய்னு ஒரு சத்தம் வந்துகினே இருந்துது. எம் பொண்ணு ரிசப்ஷன்ல அது வந்துதுன்னா, மேடைய விட்டு எறக்கிடுவேன்" என்பது இன்னொன்று. முதல் விஷயத்தைக் கேட்ட கஸ்தூரி சந்தவாசலில் இருக்கிற தன் அம்மாவுக்கு அன்றைக்கே போன் போட்டுவிட்டாள். அம்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். இரண்டாவது விஷயத்தைக் கேட்ட பார்த்திபன் என்னைத் தேடி வந்தான்.

சாயங்காலம் ஒத்திகை அறைக்குப் போய் ஆம்ப்பை ஆன் செய்து கேட்டேன். காது கூசியது.

"இன்னாடா இது, இந்த ஹம்மிங்க வெச்சிகினா மேடை ஏறிகினு இருக்க?" என்றேன்.

"பழகிடுச்சுண்ணா. சகிச்சிகினு கீறேன். கல்யாணத்துக்கு முன்னாடி இந்த ஹம்மிங்க தூக்கிடணும்."

"வயசாயிடுச்சு இல்ல, முனகத்தான் செய்யும்."

"முதலாளியே மூஞ்ச சுளிக்கிறாருண்ணா. வெளிய சொல்லவே வெக்கமா கீது."

"எங்கருந்து வருதுன்னு பாக்கறேன். தெரிஞ்சா, வர வழியிலயே கட் பண்ணி உட்டுடலாம்."

நாங்கள் பேசியது இவ்வளவுதான். கடை விட்டு ஒத்திகைக்கு வந்த கஸ்தூரி மாடிப்படியில் நின்று இது முழுவதையும் கேட்டிருக்கிறாள். அறைக்குள் வராமலேயே திரும்பிப் போய்விட்டாள். எங்களுக்கு அது தெரியாது.

ஆம்ப்பைப் பட்டறைக்குக் கொண்டுவந்தேன். வழக்கமாகப் பார்க்கிற எல்லாவற்றையும் பார்த்தேன். வால்வை மாற்றினேன், பழைய கண்டென்சர்களை மாற்றினேன், எர்த்தைப் பிரித்துத் திரும்பக் கட்டினேன். ஹம்மிங் அசையவில்லை. அந்த மயில் இரண்டும் என்னைப் பார்த்துச் சிரிப்பதாக எனக்குத் தோன்ற ஆரம்பித்தபோது, பார்த்திபன் போனை நீட்டிக்கொண்டு ஓடி வந்தான். கஸ்தூரி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள்: "அண்ணா, நான் இனிமே வரலை. வயசானவங்க முனகற சத்தம் இல்லாம உங்க குழு நல்லா இருக்கட்டும். வெளிய சொல்ல வெக்கப்பட வேணாம்."

"யாருண்ணா முனகுனது?" என்றான் பார்த்திபன்.

எனக்கும் உடனே புரியவில்லை. ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு நாங்கள் பேசியதை முதலிலிருந்து மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். 'ஹம்மிங்கைத் தூக்கிடணும்' என்ற இடம் வந்ததும் பிடிபட்டது. பார்த்திபனிடம் சொன்னேன். அவன் நாற்காலியில் உட்கார்ந்தான், எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். போன் போட்டால் அவள் எடுக்கவில்லை. நேரில் போவதைத் தவிர வழியில்லை. அவள் இருப்பது கடையில், கடையில் வேலைக்காரர்களோடு பேச யாரையும் முதலாளி விடமாட்டார். ஆகவே நானும் பார்த்திபனும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சேலை வாங்க வந்தவர்களாக உள்ளே போய், கஸ்தூரி எதிரில் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தோம்.

அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "வாங்க சார். இன்னா மாதிரி பாக்கறீங்க?" என்றாள்.

"கஸ்தூரி, நாங்க அன்னிக்கு சொன்னது..." என்று பார்த்திபன் ஆரம்பித்தான்.

"மெதுவா பேசுங்க, முதலாளி பாக்கறாரு." ஒரு சேலையை உதறி விரித்தாள். "இது பாருங்க சார். புதுசு. முனகாது."

"அது ஆம்ப்பும்மா" என்றேன் நான். "ஆம்ப்புல வர ஹம்மிங்க சொன்னோம்."

"ஆம்ப்பு எங்கண்ணா பாடுது?" அடுத்த சேலை விரிந்தது.

"பாடல. கரண்ட்டு சத்தம். நாங்க அதயும் ஹம்மிங்குன்னுதான் சொல்லுவோம்."

அவள் கை பாதிச் சேலையில் நின்றது. "எம் பேரையா அதுக்கு வெச்சிருக்கீங்க?"

"நான் வெக்கலம்மா, சத்தியமா."

அவள் விரித்த சேலையை மடிக்க ஆரம்பித்தாள், உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். "அப்ப பாட்டு என்னுதுதானே?" என்று கேட்டாள்.

"உன்னுதுதான் தாயி" என்றான் பார்த்திபன்.

விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் என் முழங்காலில் ஒரு சேலையின் தலைப்பு கிடந்தது. அகலமான ஜரிகை. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல ஜரிகை என்றால் வெள்ளியும் செம்பும் சுற்றிய நூல். ஆரணியில் பிறந்த எவனுக்கும் தெரிந்த சங்கதி. அதாவது அது கம்பி. ஆம்ப்பின் முகத்தில் நாலு பக்கமும் கம்பியைச் சுற்றி வைத்துவிட்டு, நான் உள்ளே வால்வை மாற்றிக்கொண்டிருக்கிறேன். இடம், பொருள் எல்லாம் மறந்துபோய்ச் சட்டைப் பையிலிருந்த, கரண்ட் ஓடுகிற பொருளைத் தொட்டால் கத்துகிற மீட்டரை எடுத்து, இரண்டு முனையையும் அந்தத் தலைப்பில் வைத்தேன். 'பீப்' என்று கத்தியது.

கல்லாவிலிருந்து முதலாளி எழுந்துவிட்டார். "யோவ், சேலைக்கு இன்னாய்யா ஜுரம் பாக்கற?"

"ஜரிகைல கரண்ட் போவுதான்னு பாத்தேங்க முதலாளி."

பக்கத்துப் பாயில் பெண்ணுக்குச் சேலை எடுக்க வந்திருந்த ஒரு அம்மா காதில் இது விழுந்தது. "கத்துனா ஒரிஜினலாங்க?" என்று கேட்டார்.

"கம்பி இருந்தா கத்தும்மா. செம்பா இருந்தாலும் கத்தும்" என்று உள்ளதைச் சொன்னேன். பாதியைத்தான் கேட்டார்கள். முதலாளி முகத்தில் பெருமை பொங்கியது. "வையி, எல்லாத்துலயும் வெச்சிக் காட்டு. நம்ம கடைச் சரக்கு கத்தறத எல்லாரும் கேக்கட்டும்" என்றார். கடையிலிருந்த பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். நான் வைக்க வைக்க மீட்டர் கத்தியது, ஒவ்வொரு கத்தலுக்கும் முதலாளி மீசையைத் தடவினார். மேல் அலமாரியிலிருந்து அவரே ஒரு சேலையை எடுத்துக் கொண்டுவந்து போட்டார். வைத்தேன். சத்தம் இல்லை. இன்னொரு இடத்தில் வைத்தேன். ம்ஹூம்.

கடையே என் முகத்தைப் பார்த்தது. கஸ்தூரியும் பார்த்தாள். அவளுக்கு அந்தக் கடையில் வேலை, அந்த வீட்டுக் கல்யாணத்தில் பாட்டு. நான் மீட்டரை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினேன். "பேட்டரி வீக்குங்க" என்றேன்.

"அப்டித்தான் இருக்கும்" என்றார் முதலாளி. அந்தச் சேலையைத் தானே மடித்து உள்ளே கொண்டுபோனார். அன்றிலிருந்து என்னை 'யோவ்' என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு 'வாங்க' போட ஆரம்பித்தார். தம்பிகளே, மீட்டர் சொல்வதையெல்லாம் சபையில் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. சில நேரம் பேட்டரியின் மேல் பழியைப் போட வேண்டியிருக்கும்.

பட்டறைக்கு வந்ததும் மயில் துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். தேவி மடித்து உள்ளே செருகியிருந்த இடத்தில் ஜரிகை பிரிந்து, கிட்டார் வயரைச் சொருகும் ஓட்டைக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. துணி முழுவதும் ஏரியலாகி, வீட்டிலுள்ள கரண்ட் சத்தத்தையெல்லாம் வாரி உள்ளே கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. பிரிந்த நூலை வெட்டி, நடுவில் ஒரு தடுப்பு வைத்தேன். மயிலுக்குச் சேதாரம் இல்லாமல் முடித்தேன், இல்லாவிட்டால் தேவி என்னைச் சும்மா விட்டிருக்க மாட்டாள்.

ஆன் செய்தேன். ஒரு சத்தமும் இல்லை. பார்த்திபன் முகம் வெளுத்தது. "செத்துப் போச்சாண்ணா?"

"ஒரு கம்பியத் தட்டு."

தட்டினான். மணி மணியாக வந்து விழுந்தது. நிறுத்தியதும் மறுபடி அமைதி. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். எனக்கும் கர்வமாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்.

ரிசப்ஷனன்று என்னையும் அழைத்திருந்தார்கள். மண்டபத்தில் கூட்டம் வருவதற்கு முன்னால் குழு எல்லாவற்றையும் ஒருமுறை வாசித்துப் பார்த்தது. முதலாளி ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "பேஷ்" என்றார். முன்வரிசையில் சந்தவாசலிலிருந்து வந்த கஸ்தூரியின் அம்மா, புதுச் சேலையில், மடியில் பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கஸ்தூரி மேடையின் நடுவில் போய் நிற்கவில்லை. பழக்கம் விடுமா, ஆம்ப்புக்குப் பக்கத்திலேயே மைக்கை வைத்துக்கொண்டாள்.

அவள் பாட்டு வாத்தியம் இல்லாமல் ஆரம்பிக்கும். முதலில் அவளுடைய ஹம்மிங், அப்புறம் ஒரு வரி, அதன் பிறகுதான் கீபோர்டு சேரும். டேனியல் சுருதி கொடுத்தான். அவள் தொடங்கினாள். கீபோர்டு வந்து சேர்ந்தபோது இரண்டும் வெவ்வேறு ஊரில் இருந்தன. மறுபடி தொடங்கினாள். இந்தத் தடவை இன்னும் மோசம். மூன்றாம் முறை அவளே பாதியில் நிறுத்திவிட்டாள். அவள் அம்மா ஒன்றும் புரியாமல் எங்கள் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க என்னால் முடியவில்லை.

பார்த்திபன் என் காதருகே வந்தான். "அண்ணா, வேற வழி இல்ல. இந்தப் பாட்ட வேற யாருக்காவது குடுத்துடறேன். கூட்டத்துக்கு முன்னாடி இப்டி ஆச்சுன்னா அவளுக்குத்தான் அசிங்கம்."

நான் கஸ்தூரியிடம் போனேன். "இன்னாச்சும்மா?"

"தெரிலண்ணா." அவள் கண் நிறைந்திருந்தது. "எப்பவும் பக்கத்துல யாரோ கூடவே நிக்கற மாதிரி இருக்கும். இன்னிக்கு யாருமே இல்ல."

பின்னாலிருந்து டேனியல் முணுமுணுத்தான். "கரண்ட் இருக்கறப்பவே இப்டி. ஜெனரேட்டர் போட்டா இன்னா ஆவுமோ."

அந்த வார்த்தைதான் என் தலையில் அடித்தது. ஜெனரேட்டர். ஜெனரேட்டர் வேகமாக ஓடினால் கரண்ட் சத்தத்தின் சுருதியும் ஏறும். புகையாவது மண்ணாவது. இவள் இத்தனை வருஷமும் ஆம்ப் பக்கத்தில் நின்று அந்த 'ங்ஙொய்'யிடமிருந்துதான் சுருதி எடுத்திருக்கிறாள். அவளுக்கே தெரியாது. அவளுக்காக டேனியல் கீபோர்டை ஏற்றினான், அதற்காக பார்த்திபன் கிட்டாரை ஏற்றினான். மொத்தக் குழுவும் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரின் சுருதியில் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறது. அதை நான் போய், கையைக் கழுவிக்கொண்டு, வெட்டி எடுத்துவிட்டேன்.

விஷயத்தைச் சொன்னதும் பார்த்திபன், "அப்ப திரும்பப் போட்டுடுங்க, ஜல்தி" என்றான். ஜரிகை நூலை ஒட்டவைக்க எனக்கு இரண்டு நிமிஷம் போதும். ஆனால் முதலாளி ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சத்தம் வந்தால் மேடையைவிட்டு இறக்குவார், அதில் கஸ்தூரியும் சேர்ந்துதான் இறங்குவாள். டேனியல் தன் போனில் சுருதிப் பெட்டி ஆப் ஒன்றைப் போட்டு அவள் காதருகே பிடித்தான். அது கொஞ்ச நேரம் நன்றாகத்தான் இழுத்தது. பிறகு ஒரு பெண் குரல் வந்து, "உங்களுக்கு உடனடிக் கடன் தேவையா?" என்று கேட்டது.

மண்டபம் நிறைய ஆரம்பித்துவிட்டது. மாப்பிள்ளையும் பெண்ணும் வந்து நின்றார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், எடுத்தவன் நான்தானே. அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று என் காதில் தேடிப் பார்த்தேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. பாதி ஆயுளுக்கு மேல் அதைக் கேட்டுக்கொண்டே வேலை செய்தவன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். வாயைத் திறக்காமல் தொண்டைக்குள் மெதுவாக 'ங்ங்ங்' என்றேன்.

கஸ்தூரி சட்டென்று திரும்பினாள். "அதான்ணா. அதேதான்."

இப்படித்தான் நான் ஆம்ப்புக்குப் பின்னால், சாமந்திச் சரம் தொங்கிய அலங்காரத் திரைக்குள், குந்தி உட்கார்ந்தேன். கஸ்தூரிக்கு அந்த இடத்திலிருந்து வந்தால்தான் சரிப்படும். மைக்குக்கு எட்டாது, அவள் காதுக்கு மட்டும் எட்டும். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பித்தேன். அவள் என் சத்தத்தின் மேல் காலை ஊன்றி ஏறினாள். ஹம்மிங் முடிந்து முதல் வார்த்தை வந்தது. வருஷக்கணக்கில் உள்ளே இருந்த வார்த்தை அல்லவா, தெளிவாக வந்தது. கீபோர்டு சேர்ந்தது. ஒட்டிக்கொண்டது. எனக்கு அழுகை வந்தது, ஆனால் அழுதால் சுருதி போய்விடும், ஆகவே அடக்கிக்கொண்டேன்.

இரண்டாவது சரணத்தில் கரண்ட் போனது. இருட்டு. குழு மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது எனக்கே தெரிந்தது. பின்பக்கம் ஜெனரேட்டர் உறுமி எழுந்தது, விளக்கு வந்தது. டேனியலின் கை கீபோர்டில், ஏறப்போகிற கஸ்தூரிக்குத் தயாராக நின்றது. அவள் ஏறவில்லை. எப்படி ஏறுவாள். நான் ஜெனரேட்டரில் ஓடவில்லையே. மூச்சுத் திணறி, ஒரு சாமந்தி இதழ் மூக்கில் ஏறி, கால் மரத்துப்போய், ஆனால் ஒரு மயிரிழை அசையாமல் 'ங்ங்ங்' என்று இழுத்துக்கொண்டிருந்தேன்.

பாட்டு முடிந்து கைதட்டல் ஓயவே கொஞ்சம் நேரம் ஆனது. வழக்கமாக அப்போது பார்த்திபன் மைக்கைப் பிடித்து வாசித்தவர்களின் பெயரைச் சொல்லுவான். கஸ்தூரி மைக்கை விடவில்லை. அவளே சொன்னாள். "கிட்டார் பார்த்திபன் அண்ணா. கீபோர்டு டேனியல். பாடுனது நானு, கஸ்தூரி." அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தினாள். முன்வரிசையில் அவள் அம்மா அழுதுகொண்டிருந்ததாக அப்புறம் சொன்னார்கள், நான் இருந்த இடத்திலிருந்து தெரியவில்லை. "ஹம்மிங், நம்ம மெக்கானிக் அண்ணா" என்று முடித்தாள்.

கூட்டம் கைதட்டியது, ஆளைக் காணோமே என்று தேடியது. முதலாளிதான் எழுந்து வந்து சாமந்தித் திரையை விலக்கினார். நான் இன்னும் குந்தியபடியே இருந்தேன். பாட்டு முடிந்ததை மறந்து தொண்டை தானாக 'ங்ங்ங்' என்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தார், மயிலைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"இன்னாங்க மெக்கானிக்கு, ஹம்மிங்க எடுத்துட்டேன்னு சொன்னீங்களே?"

"எடுத்துட்டேங்க முதலாளி" என்றேன். "எடுத்தத எங்கனா வெக்கணும் இல்லிங்களா."

தம்பிகளே, ஒரு சத்தத்தை எடுக்கும் முன்னால், அது யாருக்காவது துணையாக இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இதற்கு மேல் எழுத எனக்கு நேரம் இல்லை. பட்டறையை மூடிவிட்டு நான் ஓய்வெடுக்கிறேன் என்று நீங்கள் நினைக்கலாம், அதுதான் இல்லை. பார்த்திபன் வாசலில் வண்டியோடு நிற்கிறான். தெள்ளாரில் ப்ரோக்ராம். கஸ்தூரிக்கு இப்போது முழுப் பாட்டுகள்தான், ஹம்மிங்குக்கு வேறு ஆள் இல்லை.